நர்சிங் கல்லூரி முதல்வர்களுக்கும் டியூட்டர்களுக்கும் ஒரு வார்டு சிஸ்டரின் திறந்த மடல்

மதிப்பிற்குரிய மேடம்களுக்கு (சார்களும் இருக்கிறீர்கள், கோபித்துக்கொள்ளாதீர்கள்),

வணக்கம். நான் பி.எஸ்சி. நர்சிங் முடித்து பதினான்கு வருஷம் ஆகிறது. தென்மாவட்டத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் மெடிக்கல் வார்டு இன்சார்ஜாக இருக்கிறேன். ஒவ்வொரு பேட்ச் ரிசல்ட் வந்ததும் உங்கள் பிள்ளைகளில் நாலைந்து பேர் என் வார்டில் வந்து சேர்வார்கள். அவர்களை எனக்குப் பிடிக்கும். அவர்களைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

போன முறை வந்தவர்களில் ஒரு பிள்ளை, நாலு வருஷமும் ஃபர்ஸ்ட் கிளாஸ். வந்து நாலாவது நாள். இரவுச் சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் போடும் நேரம். ஒரு பாட்டிக்கு 10 யூனிட் எழுதியிருந்தது. எங்கள் வார்டில் வழக்கமாக இருப்பது ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள இன்சுலின், அதற்கான சிவப்பு மூடி சிரிஞ்ச். அன்றைக்கு பாட்டியின் மகன் வெளியே வாங்கி வந்திருந்தது மில்லிக்கு 100 யூனிட் உள்ள வயல் (மருந்துக் குப்பி); அதற்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்ச் வேண்டும். இந்தப் பிள்ளை சிவப்பு மூடி சிரிஞ்சை எடுத்து, அந்த வயலில் குத்தி, 10 என்ற கோடு வரைக்கும் கச்சிதமாக இழுத்துவிட்டது. ஒரு குமிழி இல்லை. ஸ்பிரிட் பஞ்சு தயார். பாட்டியின் பெயரைக்கூடக் கேட்டுச் சரிபார்த்தது. நான் வேறு எதற்கோ அந்தப் பக்கம் போனதால் கண்ணில் பட்டது. அந்தச் சிரிஞ்சுக்குள் இருந்தது 10 யூனிட் இல்லை, 25 யூனிட். ஏற்கெனவே சரியாகச் சாப்பிடாத பாட்டி. போட்டிருந்தால் நடு ராத்திரியில் சர்க்கரை எங்கே போய் நின்றிருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஓரமாகக் கூட்டிப்போய், "காலேஜில் இதைச் சொல்லித் தரலையாம்மா?" என்று கேட்டேன். முகம் வெளுத்துப்போய் நின்ற பிள்ளை சொன்னது: "டயாபடிஸுக்கு ஒன்பது கேர் பிளான் எழுதியிருக்கேன் சிஸ்டர்."

திமிராகச் சொல்லவில்லை. உண்மையிலேயே தன்னிடம் இருந்த பதிலைச் சொன்னது. அந்த ஒன்பது கேர் பிளானும் (ஒரு நோயாளியை எப்படிக் கவனிப்பது என்று நோட்டில் எழுதும் திட்டம்) நன்றாகத்தான் இருந்திருக்கும், சந்தேகமே இல்லை. நானும் அந்தக் காலத்தில் எழுதியவள்தான். ஆனால் அந்த நாலு வருஷத்தில் யாரும் சிவப்பு மூடியையும் ஆரஞ்சு மூடியையும் ஒரு ட்ரேயில் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, "இதில் 10, அதில் 10, ரெண்டும் ஒண்ணா பாரு" என்று கேட்கவில்லை. ஐந்து நிமிஷ வேலை.

நர்சிங் படிப்பு சுலபம் என்று நினைத்து இதை எழுதுவதாக எண்ண வேண்டாம். நான் பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். முதல் மாதம் அனாடமி வகுப்பில் மேடம் கழுத்துத் தசை ஒன்றை 'ஸ்டெர்னோகிளைடோமாஸ்டாய்டு' என்றபோது அது ஒரு வார்த்தையா மூன்று வார்த்தையா என்று தெரியாமல் பக்கத்துப் பெண்ணின் நோட்டைப் பார்த்தேன். அவளும் என் நோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஹாஸ்டலில் ஐந்து மணிக்கு எழுந்திருக்க வேண்டும். ஆறே முக்காலுக்குப் பஸ். ஏழு மணிக்கு வார்டு, மதியம் வரை நின்ற கால். சாப்பிட்டதும் இரண்டு மணிக்கு வகுப்பு, அதில் தூங்கினால் நிற்க வைப்பார்கள், நின்றுகொண்டும் தூங்குவோம். ராத்திரி ஸ்டடி முடிந்த பிறகு எழுத்து வேலை: கேர் பிளான், கேஸ் ஸ்டடி, டிரக் புக், புரொசீஜர் புக், டெய்லி டைரி. மார்ஜின் கோணலாக இருந்தது என்று ஒரு முறை 42 பக்கம் திரும்ப எழுதியிருக்கிறேன். வருகைப் பதிவு வேறு. தியரிக்கு 80 சதவீதம் இருந்தால் பரீட்சை எழுதலாம், பிராக்டிகலுக்கு 100 சதவீதம் முடித்தால்தான் பட்டம். மூன்றாம் வருஷம் எனக்கு அம்மை போட்டு பன்னிரண்டு நாள் படுத்துவிட்டேன். பரீட்சை முடிந்து எல்லாரும் ஊருக்குப் போன பிறகு, காலி ஹாஸ்டலில் தனியாக இருந்து அந்தப் பன்னிரண்டு நாளையும் வார்டில் நின்று தீர்த்தேன்.

அந்தப் பன்னிரண்டு நாள் பற்றி எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. சொல்லப்போனால் நாலு வருஷத்தில் உருப்படியாகக் கற்றுக்கொண்டது அப்போதுதான். கூட ஆள் இல்லை, டியூட்டர் இல்லை, எழுத நோட்டும் இல்லை. வார்டு சிஸ்டர் என்னையும் ஒரு ஆளாகச் சேர்த்து, ஆறு பேஷன்ட்டைக் கையில் கொடுத்துவிட்டார். கஷ்டம் என்றால் அது கஷ்டம். 42 பக்கமும் கஷ்டம்தான், ஆனால் அதில் எனக்குக் கிடைத்தது நல்ல கையெழுத்து மட்டும்.

பிள்ளைகளை வேலை வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். எதில் வாங்குகிறீர்கள் என்பதில்தான் எனக்குச் சண்டை.

வைட்டல்ஸையே (நாடி, மூச்சு, பி.பி. பார்ப்பது) எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வருஷம் நீங்கள் சொல்லித் தருவது அருமையான பாடம்: மூச்சை முழு ஒரு நிமிஷம் எண்ண வேண்டும், எண்ணுகிறோம் என்று நோயாளிக்குத் தெரியக் கூடாது, நாடி பிடிப்பது போலக் கையைப் பிடித்துக்கொண்டே நெஞ்சைப் பார்க்க வேண்டும். அடுத்த வாரம் பிள்ளை வார்டுக்குப் போகிறது. முப்பது பெட். சீனியர் சொல்கிறாள், "எல்லாருக்கும் 20 போடு." முப்பது பேரும் ஒரே தாளத்தில் மூச்சு விடுகிற வார்டை உலகத்தில் எங்காவது பார்த்திருக்கிறீர்களா? எங்கள் சார்ட்டுகளைப் புரட்டுங்கள், பார்க்கலாம். இந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு. ஸ்டாஃபாகச் சேர்ந்த இரண்டாம் வருஷம், பித்தப்பை ஆபரேஷன் முடிந்த ஒரு அம்மாவுக்கு சாயங்காலத்திலிருந்து மூன்று முறை 20, 20, 20 என்று எழுதியிருந்தோம். ராத்திரி இரண்டு மணிக்கு அவர் பேசிய பேச்சு துண்டு துண்டாக வந்ததைக் கேட்டு உட்கார்ந்து எண்ணினேன். 34. ஒருவரின் உடம்பு மோசமாகப் போகிறது என்பதை பி.பி. இறங்குவதற்கு வெகு முன்பே மூச்சு காட்டிக்கொடுத்துவிடும் என்று நீங்கள்தான் சொல்லிக் கொடுத்தீர்கள். நோட்டில் இருக்கிறது, சிவப்பு மையில் அடிக்கோடு போட்டு.

அப்புறம் நடந்ததுதான் இன்னும் முக்கியம். டாக்டருக்குப் போன் செய்ய வேண்டும். ராத்திரி இரண்டு மணி. கை நடுங்குகிறது. நான் சொன்னது: "சார், 12ஆம் பெட் பேஷன்ட் கொஞ்சம் டல்லா இருக்காங்க சார்." அவர் தூக்கத்தில் "காலையில பாக்குறேன் சிஸ்டர்" என்று வைத்துவிட்டார். அவரைக் குறை சொல்லி என்ன பயன்? "கொஞ்சம் டல்" என்று சொன்னால் யார் எழுந்து வருவார்கள்? அரை மணி நேரம் கழித்து, அப்போது ஐ.சி.யூ.வில் இருந்த ஒரு சீனியர் அக்கா வந்து பார்த்துவிட்டு, என்னிடமிருந்து போனை வாங்கிப் பேசினார். "சார், 12ஆம் பெட், பித்தப்பை ஆபரேஷன் முடிந்து ரெண்டாம் நாள். ரெஸ்பிரேஷன் 34, பி.பி. 90க்கு 60, நாலு மணி நேரத்தில் யூரின் 60 மில்லிதான். செப்சிஸ் மாதிரி தெரியுது. நீங்க இப்பவே வரணும்." (செப்சிஸ் என்றால் கிருமித் தொற்று உடம்பு முழுக்கப் பாதிப்பது.) வந்தார். அந்த அம்மா பிழைத்தார்.

அந்த அக்கா பேசிய நாலு வரியை யாரும் எனக்கு நாலு வருஷத்தில் பேசிப் பழக்கவில்லை. பழக்கப்பட்டது வேறு: டாக்டர் வந்தால் எழுந்து நில், மேடம் வந்தால் எழுந்து நில், கேள்வி கேட்காதே, பதில் சொன்னால் எதிர்த்துப் பேசாதே. எங்கள் கல்லூரியில் மாணவிகள் லிஃப்டில் ஏறக் கூடாது, வார்டில் டாக்டரோடு நேரில் பேசக் கூடாது, கொண்டை வலைக்கு வெளியே ஒரு முடி தெரிந்தால் அன்றைக்கு வெளியே நிற்க வேண்டும். ஒழுங்கு வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். கொண்டை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நாலு வருஷம் வாயை மூடப் பழக்கிவிட்டு, ஐந்தாம் வருஷம் ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு கன்சல்டன்ட்டை எழுப்பி "இப்பவே வாங்க" என்று சொல்லச் சொன்னால் எங்கிருந்து வரும் அந்தக் குரல்? என் வார்டில் புதிதாகச் சேரும் பிள்ளைகளிடம் நான் முதலில் எடுத்துவிடப் பார்ப்பது இந்தப் பயத்தைத்தான். ஆறு மாதம் ஆகிறது. சிலருக்குப் போவதே இல்லை.

பிரசவ வார்டு கேஸ் புக் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பல வருஷமாக மனதில் கிடப்பது. எங்கள் பாடத்திட்டப்படி 20 சுகப்பிரசவம் நாங்களே பார்க்க வேண்டும், 5 எபிசியோடமி (குழந்தை வர வழியைச் சற்று வெட்டிவிடுவது) போட்டுத் தையல் போட வேண்டும், மூச்சு விடாத குழந்தைக்கு மூச்சு கொடுப்பது 5. என் கேஸ் புக்கில் 20 பிரசவமும் இருக்கின்றன. பெயர், வயது, எத்தனையாவது குழந்தை, குழந்தையின் எடை, நஞ்சு முழுசாக வந்ததா, எல்லாம். கையெழுத்தும் இருக்கிறது. நான் உண்மையில் கையில் வாங்கிய குழந்தைகள் மூன்று. மிச்சம் பதினேழும் ரிஜிஸ்டரைப் பார்த்து எழுதியவை. ஒரே பிரசவத்தை ஆறு பேர் பங்கு போட்டு எழுதியதும் உண்டு. மூன்று கல்லூரிப் பிள்ளைகள் ஒரே லேபர் ரூமில். ஒரு பெண் வலியில் துடித்துக்கொண்டிருக்க, கால்மாட்டில் பத்துப் பதினைந்து பேர் நோட்டோடு நின்றோம். அந்தப் பெண் எங்களைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. எங்களில் ஒருத்திகூட அவர் கையைப் பிடித்துக்கொள்ளவில்லை, நேரம் குறிப்பதில் மும்முரமாக இருந்தோம்.

சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1871இல் மருத்துவச்சிப் பயிற்சி தொடங்கியபோது ஆறு மாதப் படிப்பு, மாணவிகள் நான்கே பேர் என்று நர்சிங் வரலாற்றுப் பாடத்தில் படித்தோம். பரீட்சைக்கு இரண்டு மார்க் கேள்வி. அந்த நான்கு பேர் கையில் எத்தனை குழந்தை வந்து விழுந்திருக்கும் என்று இப்போது யோசித்துப் பொறாமைப்படுகிறேன்.

படிப்பு முடித்த வருஷமே ஒரு சிறிய நர்சிங் ஹோமில் ராத்திரி டியூட்டி. டாக்டர் வந்துகொண்டிருந்தார், குழந்தை காத்திருக்கவில்லை. தலை வந்தது, கழுத்தில் கொடி. என் நாலாவது பிரசவம் அது, கேஸ் புக் கணக்குப்படி இருபத்தொன்றாவது. புத்தகத்தில் படித்ததைவிட, அந்த மூன்றில் ஒன்றில் வயதான ஏ.என்.எம். (கிராமங்களில் பிரசவம் பார்க்கும் நர்ஸ்) அக்கா ஒருவர் என் விரலைப் பிடித்துக் கொடிக்கு அடியில் நுழைத்து, தலைக்கு மேலாக எடுத்துக் காட்டியது விரலுக்கு ஞாபகம் இருந்தது. குழந்தை அழுதது. வெளியே பாட்டி, "கொடி சுத்திப் பிறந்திருக்கே, மாமனுக்கு ஆகாதே" என்று தொடங்கிவிட்டார். எனக்கு அங்கேயே தரையில் உட்கார்ந்துகொள்ளலாம் போலிருந்தது.

மூன்று என்றால் மூன்று என்றே எழுத விடுங்கள் மேடம். எண்ணிக்கை குறைகிறது என்றால் பிள்ளைகளைக் குறையுங்கள், இல்லையென்றால் இன்னொரு மருத்துவமனை பாருங்கள், கடைசி செமஸ்டரில் ஈடுகட்டுங்கள். பொய்க் கையெழுத்து போட்டுப் பழகிய கைதான் "எல்லாருக்கும் 20" என்று எழுதுகிறது. இரண்டும் ஒரே கை.

நீங்கள் நன்றாகச் செய்ததைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. பெட் பாத். மூன்று மாதம் அதை வெறுத்தேன். இன்றைக்கு ஒரு நோயாளியைத் துடைத்துவிடும் அந்தப் பதினைந்து நிமிஷத்தில் நான் பார்க்கும் அளவுக்கு எந்த மானிட்டரும் பார்ப்பதில்லை: முதுகெலும்புக்குக் கீழே சிவந்திருக்கிறதா, கால் வீங்குகிறதா, நேற்றைக்குத் தானாகத் திரும்பியவர் இன்றைக்கு ஏன் திரும்பவில்லை. கை கழுவும் பழக்கம் வீட்டில் தோசை சுடும்போதுகூடப் போகவில்லை.

அப்புறம் கிராமப் போஸ்டிங் (பயிற்சிக்கு அனுப்புவது). பையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய், திண்ணையில் பேப்பரை விரித்து, அதன்மேல் பையை வைத்து, கை கழுவத் தண்ணீர் கேட்டு, அவர்கள் கொடுத்த மோரையும் குடித்துவிட்டுப் பேசிய நாட்கள். எனக்குத் தெரிந்த தமிழில் நான் நர்சாகப் பேசியது அங்கேதான் முதல் முறை. மற்ற எல்லாம் இங்கிலீஷ். அதனால் என்ன ஆகிறது பாருங்கள். மாரடைப்பு என்றால் 'ரெட்ரோஸ்டெர்னல் பெயின், ரேடியேட்டிங் டு லெஃப்ட் ஆர்ம்' (நடு நெஞ்சில் வலி, இடது கைக்குப் பரவும்) என்று எல்லாப் பிள்ளைகளும் தூக்கத்தில்கூடச் சொல்வார்கள். இந்தப் பதினான்கு வருஷத்தில் ஒரு நோயாளிகூட என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. "வாய்வு புடிச்ச மாதிரி இருக்கு சிஸ்டர், ஒரு சோடா குடிச்சா சரியாயிடும்" என்றார் ஒருவர். போஸ்டிங்கில் இருந்த மாணவி 'கேஸ் டிரபிள்' என்று குறித்து வைத்தாள். நெற்றியில் வியர்வையைப் பார்த்து ஈ.சி.ஜி. எடுத்தோம், மாரடைப்பு. நெஞ்சு கரிப்பு, நெஞ்சடைப்பு, படபடப்பு, கிறுகிறுப்பு, இளைப்பு, மூச்சு முட்டல் எல்லாம் எங்கள் ஆட்கள் வாயில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அர்த்தம். சில நேரம் எல்லாம் ஒரே அர்த்தம். இதற்கு ஒரு வகுப்பு உண்டா? பரீட்சையை இங்கிலீஷிலேயே வையுங்கள், வெளிநாடு போகிற பிள்ளைகளுக்கு அது வேண்டும். வாரத்துக்கு ஒரு மணி நேரம் நோயாளி பேசும் தமிழைக் கேட்டு, அதில் நோய் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கப் பழக்குங்கள்.

வெளிநாடு என்றதும் ஞாபகம். என் பேட்ச்மேட் ஒருத்தி இங்கிலாந்தில் இருக்கிறாள். அங்கே நர்சாகப் பதிய, கம்ப்யூட்டர் பரீட்சைக்கு மேல் செய்து காட்டும் பரீட்சை ஒன்றும் உண்டு. "நோயாளி கையில கட்டியிருக்கிற பேர்ப் பட்டையைப் பார்க்காமல் மாத்திரை கொடுத்தால் பரீட்சையில அந்தப் பகுதி போச்சு. நீ எவ்வளவு அழகா நோட்டு எழுதியிருந்தாலும் அவங்களுக்குத் தெரியப்போறதில்லை" என்று சிரித்தாள். அதற்காக மூன்று மாதம் தினமும் கட்டிலோரம் நின்று வாய்விட்டுச் சொல்லிச் சொல்லிப் பழகினாளாம்.

2021இல் வந்த புதிய பாடத்திட்டத்தை வாங்கிப் படித்தேன். செமஸ்டர் முறை, சிமுலேஷன் லேப் (பொம்மை நோயாளியை வைத்துப் பழகும் இடம்), கடைசியில் இன்டர்ன்ஷிப் எல்லாம் இருக்கிறது. காகிதத்தில் நன்றாகவே இருக்கிறது. ஆனால் பொம்மை "வலிக்குது" என்று கையை இழுத்துக்கொள்ளாது. பத்து மாணவிக்கு ஒரு ஆசிரியர் என்ற விதியும் இருக்கிறது. அந்த ஒருவர் வார்டில் என்ன செய்கிறார் என்பதுதான் என் கேள்வி. எங்கள் வார்டுக்கு வரும் டியூட்டர்கள் பெரும்பாலும் அட்டென்டன்ஸ் எடுத்துவிட்டு நர்சிங் ஸ்டேஷனில் உட்கார்ந்து நோட்டு திருத்துகிறார்கள். அவர்கள்மேல் தப்பில்லை, திருத்த நோட்டு மலை போல இருக்கிறது. சிலர் எம்.எஸ்சி. முடித்து நேராகப் பாடம் நடத்த வந்தவர்கள். கேனுலா (மருந்து ஏற்ற நரம்பில் குத்தும் குழாய்) போட்டு வருஷக்கணக்காகிவிட்டது என்று என்னிடமே மெதுவாகச் சொன்னவர்கள் உண்டு. வேலூர் சி.எம்.சி.யில் பாடம் நடத்துபவர்களே வார்டுப் பொறுப்பையும் பார்க்கும் முறை நெடுநாளாக இருக்கிறது. எல்லாக் கல்லூரிக்கும் அது முடியாது, தெரியும். மாதத்தில் நாலு நாள், யூனிஃபார்ம் போட்டு, ஒரு நோயாளியைத் தன் கையில் எடுத்துப் பார்ப்பது முடியாதா?

மருத்துவமனைகள் யோக்கியமா என்று கேட்பீர்கள். இல்லை. முப்பது பெட்டுக்கு ராத்திரி இரண்டு நர்ஸ் என்று வைத்துவிட்டு முழு நிமிஷம் மூச்சு எண்ணச் சொன்னால் யார் எண்ணுவார்கள்? 50 கட்டிலுக்குக் குறைந்த மருத்துவமனையில்கூட நர்சுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று, உச்ச நீதிமன்றம் சொல்லி அமைத்த மத்திய அரசுக் குழு 2016இல் பரிந்துரைத்தது. அது எங்கே கிடைக்கிறது என்று உங்கள் பழைய மாணவிகளைக் கேட்டுப் பாருங்கள். அந்தக் கடிதத்தை முதலாளிகளுக்குத் தனியாக எழுத வேண்டும், இதில் கலக்கவில்லை.

அடுத்த மாதம் முதல் வாரம் ஒரு கல்லூரியின் மூன்றாம் வருஷப் பிள்ளைகள் எங்கள் வார்டுக்குப் போஸ்டிங் வருகிறார்கள். ஹேண்டிங் ஓவர் (ஒரு ஷிப்ட் அடுத்த ஷிப்டிடம் நோயாளிகளை ஒப்படைப்பது) காலை ஏழே கால் மணி. அவர்களோடு வரும் மேடமுக்கு நோட்டு திருத்த மேஜை ஒதுக்கவில்லை, மன்னிக்க வேண்டும். அதற்குப் பதில் 5ஆம் நம்பர் பெட்டை ஒதுக்கியிருக்கிறேன். படுத்த படுக்கையாக நெடுநாள் கேஸ்கள் வரும் பெட் அது. இப்போது இருப்பவர் எழுபது வயது ஐயா, பக்கவாதம், வலது பக்கம் வராது, மூக்கு வழியாக ஆகாரம், முதுகில் சின்னதாக ஒரு புண் ஆரம்பித்திருக்கிறது. கோபக்காரர், துடைக்க விடமாட்டார். அடுத்த மாதம் அவரே இருந்தால் அவர், இல்லையென்றால் அவரைப் போல ஒருவர். இரண்டு மாணவிகளைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டு மேடம் அவரைக் குளிப்பாட்டி, திருப்பிப் போட்டு, எப்படிப் பேசினால் அவர் ஒத்துக்கொள்கிறார் என்று காட்ட வேண்டும். இன்சுலின் ட்ரேயில் இரண்டு மூடியையும் நானே எடுத்து வைத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
மெடிக்கல் வார்டு இன்சார்ஜ் சிஸ்டர்,
உங்களில் ஒருவருடைய பழைய மாணவி